பீரங்கி ஒலி கேட்ட ஊர்

(பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி)

எங்கள் வீட்டுப் பரணில் ஒரு தகரப் பெட்டி இருக்கிறது. பூட்டு துருப்பிடித்து, மூடி ஒரு பக்கம் நெளிந்துபோன பெட்டி. அதை இறக்கச் சொல்லும் போதெல்லாம் என் அம்மாவைப் பெற்ற ஆயா, “அந்த ஐதர் காலத்துப் பெட்டிய எடுடீ” என்பார். அப்பாவின் மிதிவண்டியும் ஐதர் காலத்தது. தெருமுனை மாவு மில்லின் எந்திரமும் ஐதர் காலத்தது. பழையது என்றால் ஐதர் காலம், அவ்வளவுதான். அந்த ஐதர் யார் என்று நான் கேட்டதும் இல்லை, ஆயா சொன்னதும் இல்லை.

சென்ற கோடை விடுமுறையில் அந்த ஐதர் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். செல்போன் வழியாக வந்தார்.

சென்னையில் கல்லூரியில் படிக்கும் என் பெரியப்பா மகன், “உனக்கு வரலாறு பிடிக்குமே, இதைக் கேள்” என்று ஓர் ஆங்கில ஒலிநூலை அம்மாவின் செல்போனில் ஏற்றிக் கொடுத்தார். கிழக்கிந்தியக் கம்பெனி நம் நாட்டில் நடத்திய போர்களைப் பற்றிய இராணுவ வரலாறு அது. அச்சிட்ட புத்தகத்தை ஒருவர் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை வாசித்துப் பதிவு செய்திருக்கிறார். மொத்தம் பதினேழு மணி நேரம். அதில் மூன்று மணி நேரத்திற்கு மேல் ஒரே ஒரு படையெடுப்புக்கு ஒதுக்கியிருந்தார்கள். மைசூர் ஐதர் அலி 1780ஆம் ஆண்டு ஆற்காட்டுச் சீமையின்மேல், அதாவது நம் சீமையின்மேல், நடத்திய படையெடுப்பு.

இதை ஆண்டு மலருக்கு எழுதக் காரணம் உண்டு. நான் ஒலிநூல் கேட்கிறேன் என்று தெரிந்ததும் பெரியவர்கள் சிலர் முகம் சுளித்தார்கள். “கண்ணால் படிப்பதுதான் படிப்பு; காதால் கேட்பதெல்லாம் பொழுதுபோக்கு” என்றார் உறவினர் ஒருவர். “பெண் பிள்ளைக்கு எதற்குச் சண்டைக் கதை?” என்றார் இன்னொருவர். இரண்டையும் நான் ஒப்புக்கொள்ளவில்லை. ஏன் என்று சொல்லுவதற்கு முன், நான் கேட்டது என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் நெசவுக் குடும்பம். இந்தப் பள்ளியில் என்னோடு படிக்கும் தோழியர் பலரின் வீட்டிலும் தறி உண்டு. அவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். தறியில் உட்கார்ந்தவருக்குக் கை ஒழியாது, கால் ஒழியாது, கண்ணும் ஒழியாது. ஓர் இழை அறுந்தாலும் பார்த்து முடிந்துகொண்டே போக வேண்டும். காது மட்டுந்தான் சும்மா இருக்கும். அதனால்தான் நெசவாளர் வீட்டில் வானொலி பாடிக்கொண்டே இருக்கும். அப்பா ஏழாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். ஆனால் அவருக்குத் தெரிந்த செய்திகளும் கதைகளும் பாட்டுகளும் ஏராளம். எல்லாம் காது வழியாக வந்தவை. அவர் படிக்காதவர் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

விடுமுறையில் எனக்கு வேலை தார் சுற்றுவது. ராட்டினத்தின் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு காதில் இயர்போனைச் செருகிக்கொண்டு கேட்க ஆரம்பித்தேன். இரண்டாம் நாள் அப்பா, “நீ மட்டும் கேட்டா எப்படி? சத்தமா வை” என்றார். ஆங்கிலம் என்றேன். “நீதான் கான்வென்டுல படிக்கிறியே, சொல்லு” என்றார். ஆகவே பத்து நிமிடம் ஓடவிட்டு நிறுத்துவேன், தமிழில் சொல்லுவேன், மறுபடி ஓடவிடுவேன். ஆயா திண்ணையோரம் உட்கார்ந்து பாதி தூக்கத்தில் கேட்பார். மூன்று மணி நேரப் பகுதியைக் கேட்டு முடிக்க எங்களுக்கு எட்டு நாள் ஆயிற்று.

வாசிப்பவர் இங்கிலாந்துக்காரர். கணீரென்ற குரல். ஆனால் நம் ஊர்ப் பெயர்கள் அவர் வாயில் பட்ட பாடு கொஞ்சமல்ல. ‘கான்ஜீவரம்’ என்றதைப் புரிந்துகொள்வதில் கஷ்டமில்லை, அது நம் பட்டுக் கடைப் பலகைகளிலேயே இருக்கிறது. ஆனால் ‘பொலிலூர்’, ‘பொலிலூர்’ என்று சொல்லிக்கொண்டே இருந்தார். பெரும் போர் அங்கேதான் நடந்ததாம். அது மைசூர்ப் பக்கம் எங்கேயோ இருக்கும் என்று எண்ணி நானும் இரண்டு நாள் அப்படியே சொல்லிக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் அப்பா நாடாவை நிறுத்திவிட்டு, “கான்ஜீவரத்துக்குப் பக்கத்துல பொலிலூருன்னா, அது நம்ம புள்ளலூராச்சே!” என்றார்.

ஆயா கண்ணைத் திறந்துவிட்டார். அவர் பிறந்தது புள்ளலூருக்கு அடுத்த கிராமம்.

நடந்தது சுருக்கமாக இதுதான். 1780 ஜூலையில் ஐதர் கணவாய்கள் வழியாகப் பெரும் படையுடன் இறங்கினார். எண்பதாயிரத்திலிருந்து தொண்ணூறாயிரம் பேர் வரை என்று ஆங்கிலேயர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். சென்னைக் கோட்டையிலிருந்த கம்பெனி அதிகாரிகள் முதலில் இந்தச் செய்தியைப் பொருட்படுத்தவே இல்லையாம். ஐதர் ஆற்காட்டை முற்றுகையிட்ட பிறகுதான் சேனாதிபதி சர் ஹெக்டர் மன்றோ ஏறத்தாழ 5,000 பேருடன் புறப்பட்டு, ஆகஸ்டு மாதக் கடைசியில் நம் காஞ்சிபுரத்துக்கு வந்து பாளையம் இறங்கினார். (சென்னையில் அங்கவடி இல்லாத குதிரைமேல் சிலையாக இருக்கும் மன்றோ இவரல்ல. அவர் தாமஸ் மன்றோ. அந்த ஆண்டுதான் சென்னைக்கு வந்து இறங்கிய இளம் பயிற்சி வீரர்.) குண்டூர்ப் பக்கத்திலிருந்து கர்னல் பெய்லி என்பவர் ஏறத்தாழ 2,800 பேருடன் தெற்கே வந்துகொண்டிருந்தார். இரண்டு படைகளும் காஞ்சிபுரத்தில் சேர்வது என்று ஏற்பாடு.

பெய்லி கொசத்தலையாற்றின் வடகரைக்கு ஆகஸ்டு 25ஆம் தேதி வந்து சேர்ந்தார். அன்று ஆற்றைக் கடந்திருக்கலாம். காலையில் கடக்கலாம் என்று வடகரையிலேயே தங்கினார். இரவில் வெள்ளம் வந்துவிட்டது. ஒரு வாரத்திற்கு மேல் கடக்க முடியவில்லை. அந்தப் பகுதியைக் கேட்டபோது அப்பா ‘த்சு’ என்றார். ஓர் இரவுத் தூக்கம் எவ்வளவு பெரிய காரியத்தை மாற்றிவிட்டது என்று எனக்கும் தோன்றியது. ஆனால் நடந்தே வந்தவர்கள் களைத்துத்தானே இருந்திருப்பார்கள்?

செப்டம்பர் 6ஆம் தேதி ஐதரின் மகன் திப்பு, பெரம்பாக்கத்தில் பெய்லியின் படையைத் தாக்கினார். பெய்லி உதவி கேட்டு ஆள் அனுப்பினார். மன்றோ தாம் போகாமல் கர்னல் பிளெட்சர் என்பவருடன் ஆயிரம் பேரை அனுப்பிவைத்தார். அவர்கள் இரவோடு இரவாகச் சுற்றுவழியில் போய்ச் சேர்ந்துகொண்டார்கள். மொத்தம் ஏறத்தாழ 3,800 பேர். 9ஆம் தேதி இரவு புறப்பட்டவர்கள் வழியில் மறுபடியும் நின்றார்கள். 10ஆம் தேதி விடிந்தபோது ஐதரும் திப்புவும் புள்ளலூரில் அவர்களைச் சூழ்ந்துகொண்டார்கள். மைசூர்ப் படையிடம் இரும்புக் குழாயில் மருந்து அடைத்து விடும் வாணங்கள் இருந்தன. பெய்லியின் வெடிமருந்து வண்டிகள் தீப்பிடித்து வெடித்தன. அதன்பின் அவர்களால் நிற்க முடியவில்லை. பிளெட்சர் இறந்தார். காயம்பட்ட பெய்லி சிறைப்பட்டு, 1782இல் ஸ்ரீரங்கப்பட்டணத்துச் சிறையிலேயே மாண்டார். அன்று பிடிபட்டவர்களுள் டேவிட் பெயர்ட் என்ற இளம் அதிகாரியும் ஒருவர். மூன்றரை ஆண்டுக்கு மேல் சிறையில் இருந்து மீண்டவர், 1799இல் அதே ஸ்ரீரங்கப்பட்டணத்துக் கோட்டைக்குள் புகுந்த படையை நடத்திச் சென்றார். அந்தப் போரில்தான் திப்பு இறந்தார்.

இத்தனையும் கதைபோல ஓடிற்று. எனக்கும் உற்சாகமாகத்தான் இருந்தது. ஆங்கிலேயரை நம் நாட்டவர் தோற்கடித்த போர் அல்லவா! ஆனால் நடுவில் ஒரு வாக்கியம் வந்தது. காஞ்சிபுரத்தில் இருந்த மன்றோவுக்குப் பீரங்கிச் சத்தம் கேட்டது என்பது அதன் பொருள்.

நான் நிறுத்திவிட்டேன். நேரம் வந்து நிறுத்தியதல்ல, கை தானாக நிறுத்தியது. காஞ்சிபுரத்தில் உட்கார்ந்துகொண்டுதான் நானும் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. வடக்குப் பக்கம் ஜன்னல் திறந்திருந்தது. அப்பாவின் தறிச் சத்தமும், பக்கத்து வீட்டுத் தறிச் சத்தமும், தெருவில் ஒரு ஆட்டோவும் கேட்டன. அந்தத் திசையில்தான் புள்ளலூர். பஸ்ஸில் முக்கால் மணி நேரம்.

அப்பாவிடம் சொன்னேன். மன்றோ ஏன் போகவில்லை என்றுதான் அவரும் முதலில் கேட்டார். புத்தகம் அதற்கு விடை சொல்லுகிறது. படைக்கான அரிசியும் மற்றப் பண்டங்களும் காஞ்சிபுரத்துக் கோயிலுக்குள் வைக்கப்பட்டிருந்தன. படை முழுவதும் கிளம்பிப் போய்விட்டால் ஐதரின் குதிரைப் படை வந்து அவற்றை எடுத்துக்கொள்ளும் என்று அவர் அஞ்சினார். 10ஆம் தேதி காலையில் கொஞ்ச தூரம் புறப்பட்டும் போனார். அதற்குள் புள்ளலூரில் எல்லாம் முடிந்துவிட்டது. திரும்பி வந்தவர், பெரிய பீரங்கிகளைக் கோயில் குளத்தில் தள்ளிவிட்டுச் செங்கற்பட்டு வழியாகச் சென்னைக்குப் பின்வாங்கினார்.

அப்பா மன்றோவின் பக்கம் பேசினார். எனக்கு அது வியப்பாக இருந்தது. “அஞ்சாயிரம் பேருக்குச் சோறு போடறவன் அரிசிய விட்டுட்டுப் போக முடியுமா? போயிருந்தா அவனும் செத்திருப்பான், இவங்களும் பட்டினி” என்றார். பெய்லியின் மூவாயிரம் பேர் பெரிதா, அரிசி மூட்டை பெரிதா என்று நான் கேட்டேன். இரண்டு நாள் இதே வாதம். அம்மா, “செத்துப்போன வெள்ளைக்காரனுக்காக அப்பனும் மகளும் சண்டை போடறதப் பாரு” என்று சிரித்தார். இன்றைக்கும் நான் மன்றோ போயிருக்க வேண்டும் என்றே நினைக்கிறேன். ஆனால் பசியைப் பற்றி என்னைவிட அப்பாவுக்கு அதிகம் தெரியும் என்பதையும் மறுப்பதற்கில்லை.

வாதம் ஓய்ந்த பிறகு வேறொன்று தோன்றியது. பீரங்கிச் சத்தம் மன்றோவின் காதில் மட்டுமா விழுந்திருக்கும்? இந்த ஊரில் அன்றைக்கும் தெருக்கள் இருந்தன, தறிகள் இருந்தன, கிணற்றில் நீர் இறைத்த பெண்கள் இருந்தார்கள். அவர்களுக்கும் கேட்டிருக்கும். யார் ஜெயிக்கிறார்கள் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்காது. ஜெயிப்பவர் அடுத்து இங்கேதான் வருவார் என்பது மட்டும் தெரிந்திருக்கும். பிள்ளைகளை எங்கே ஒளித்துவைத்தார்கள்? தறியில் பாதி ஏறிய பாவை என்ன செய்தார்கள்? தறியோடு பாவைத் தூக்கிக்கொண்டு ஓட முடியாது என்று நெசவாளர் வீட்டுப் பெண்ணுக்குத் தெரியும். மன்றோவின் படை போன மறுநாள் காலையில் இந்த ஊர் எப்படி இருந்தது? நான் கேட்ட மூன்று மணி நேரத்தில் இதற்கு ஒரு நிமிடம்கூட இல்லை. மன்றோ செங்கற்பட்டுக்குப் போனதும் புத்தகமும் அவரோடு போய்விட்டது.

ஆயா கேட்ட கேள்வி இன்னும் எளிமையானது. நான் எல்லாவற்றையும் சொல்லி முடித்த பிறகு, “அது எந்த மாசம்?” என்றார். செப்டம்பர் பத்து, ஆவணிக் கடைசி என்றேன். “அப்ப அந்த வருசம் சம்பா நட்டாங்களா?” என்றார்.

எனக்கு விடை தெரியவில்லை. அன்று இரவு அந்தப் பகுதியை மறுபடி ஓட்டிக் கேட்டேன். இல்லை. பீரங்கிகளின் எண்ணிக்கை இருக்கிறது, எந்தப் பட்டாளம் வலப்பக்கம் நின்றது, எது இடப்பக்கம் நின்றது என்பதெல்லாம் இருக்கிறது. நடவு இல்லை.

போர்க்களத்தில் இறந்தவர்களைப் பற்றியும் அப்படித்தான். பெய்லியுடன் இருந்த 3,800 பேரில் ஐரோப்பியர் சில நூறு பேர்தான். மற்றவர்கள் எல்லாரும் சிப்பாய்கள், நம் நாட்டு ஆண்பிள்ளைகள். எதிர்ப்பக்கம் நின்றவர்களும் பெரும்பாலும் நம் நாட்டவர்களே. ஆங்கில அதிகாரிகள் ஒவ்வொருவருக்கும் பெயர், வயது, சொந்த ஊர், குணம் எல்லாம் புத்தகத்தில் வருகின்றன. சிப்பாய்களுக்கு எண்ணிக்கை மட்டும். குரல் அழகாக இருந்தால் கேட்கிறவருக்கு இது தெரிவதே இல்லை. எனக்கும், அப்பா புள்ளலூர் என்று சொல்லும் வரை தெரியவில்லை.

ஜூன் மாதம் பள்ளி திறப்பதற்கு முன் அப்பா என்னைப் புள்ளலூருக்கு அழைத்துப் போனார். அங்கே கூம்பி உயர்ந்த இரண்டு நினைவுத் தூண்கள் இருக்கின்றன. 1781 ஆகஸ்டில் அதே இடத்தில் ஐதருக்கும் சர் அயர் கூட்டுக்கும் மறுபடி ஒரு போர் நடந்தது. அதில் இறந்த இரண்டு ஆங்கில அதிகாரிகளுக்காக எழுப்பியவை. வெயில் கடுமையாக இருந்தது. அப்பா ஒரு தூணின் நிழலில் நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஸ்ரீரங்கப்பட்டணத்திலும் இந்தப் போருக்கு நினைவு இருக்கிறது. தரியா தௌலத் என்னும் திப்புவின் கோடை மாளிகைச் சுவரில் புள்ளலூர்ப் போரைப் பெரிய சித்திரமாகத் தீட்டியிருக்கிறார்கள். படத்தில் பெய்லி பல்லக்கில் உட்கார்ந்திருக்கிறார், வெடிமருந்து வெடிக்கிறது, ஐதரும் திப்புவும் யானைமேல் வருகிறார்கள். தோற்றவர்களுக்குத் தூண், வென்றவர்களுக்குச் சித்திரம். ஊருக்கு ஒன்றும் இல்லை என்று நான் சொன்னபோது, அப்பா, “ஊருக்குத்தான் ஊரே இருக்கே” என்றார். கேலியா, உண்மையா என்று தெரியவில்லை.

புள்ளலூர் என்ற பெயர் அதற்கும் ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு மேல் முன்பே வரலாற்றில் வந்துவிட்டது என்று எங்கள் வரலாற்று ஆசிரியை பிறகு சொன்னார். பல்லவ மன்னர் மகேந்திரவர்மர் புள்ளலூரில் பகைவர்களை அழித்தார் என்று காசாக்குடிச் செப்பேடு கூறுகிறது. ஆனால் 634ஆம் ஆண்டையொட்டி எழுதப்பட்ட ஐகோளே கல்வெட்டு, சாளுக்கியர் புலிகேசி வந்தபோது பல்லவ மன்னர் காஞ்சி மதிலுக்குள் ஒளிந்துகொண்டார் என்கிறது. அவரவர் கல்லில் அவரவர் வெற்றி. பிறகு 642இல் மகேந்திரரின் மகன் நரசிம்மவர்மர் வாதாபிக்கே போய் அதைப் பிடித்தார். அதைப் பற்றிய கதைகளைக் கேட்டு நாமெல்லாம் கைதட்டியிருக்கிறோம். அதற்கு நூறாண்டு கழித்து சாளுக்கியர் இரண்டாம் விக்கிரமாதித்தர் படையுடன் காஞ்சிக்குள் புகுந்தார். கைலாசநாதர் கோயிலில் கன்னடத்தில் ஒரு கல்வெட்டு வைத்தார். அந்தக் கோயிலின் செல்வத்தைப் பார்த்துவிட்டு எடுத்துக்கொள்ளாமல் திருப்பிக் கொடுத்ததாக அது சொல்லுகிறது. எத்தனையோ முறை அந்தக் கோயிலுக்குச் சுற்றுலாவாகப் போயிருக்கிறேன். படையெடுத்து வந்தவர் எழுதிவைத்த கல் அங்கே இருப்பது எனக்குத் தெரியாது. நல்ல மனிதராகத்தான் தோன்றுகிறார். ஆனாலும் அவர் வந்த அன்றைக்குத் தெருக் கதவுகளைச் சாத்திக்கொண்டவர்கள் என்ன நினைத்தார்கள் என்று அந்தக் கல்லும் சொல்லவில்லை.

1780க்குத் திரும்புகிறேன். போர் நான்கு ஆண்டு நீடித்தது. 1782இல் சென்னையில் பெரும் பஞ்சம். பசியோடு வந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றுவதற்காக மணியக்காரர் சத்திரம் ஏற்பட்டது. இன்றைய ஸ்டான்லி மருத்துவமனை அதன் வழியாக வளர்ந்ததுதான். அதைக் ‘கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி’ என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். எதற்கு அந்தப் பெயர் என்று இப்போதுதான் தெரிந்தது. ஆயாவின் கேள்விக்கு விடை ஒருவேளை அந்தத் தொட்டியில் இருக்கிறது. ஐதர் காலம், கஞ்சித்தொட்டி: எழுதத் தெரியாத மக்கள் இந்த இரண்டு சொற்களில் படையெடுப்பை ஞாபகம் வைத்திருக்கிறார்கள். அவையும் காது வழியாகவே வந்தன.

இனி, முகம் சுளித்த பெரியவர்களுக்கு வருகிறேன்.

கேட்பது படிப்பாகாது என்பது நம் நாட்டவர் சொல்லக் கூடிய வார்த்தையே அல்ல. திருவள்ளுவர் ‘கல்வி’க்கு ஓர் அதிகாரம் எழுதியவர், ‘கேள்வி’க்கும் ஓர் அதிகாரம் தனியாக எழுதியிருக்கிறார். அதில் கேள்வி என்பது கேட்டல். நாம் அந்தச் சொல்லை வினா என்ற பொருளில்தான் இப்போது வழங்குகிறோம். இரண்டும் ஒரே சொல்லாக இருப்பது நல்லதாகவே எனக்குப் படுகிறது. எட்டு நாள் கேட்டதில் எனக்கு மிஞ்சியது ஆயாவும் அப்பாவும் இடையில் நிறுத்திக் கேட்ட கேள்விகள்தான். தனியாக இயர்போனில் கேட்டிருந்தால் பொலிலூர் எங்கேயோ மைசூர்ப் பக்கம் இருந்திருக்கும். வாசிப்பவரோடு சேர்ந்து நானும் ஒரு படைத்தலைவர் போலக் குதிரைமேல் ஏறிக்கொண்டு திரிந்திருப்பேன். ஆகவே தோழியர்க்கு நான் சொல்லுவது, கேளுங்கள், ஆனால் தனியாகக் கேட்காதீர்கள். வீட்டில் வயதானவர் ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தைத் தமிழாக்கிச் சொல்லிச் சொல்லியே என் ஆங்கிலமும் தேறிவிட்டது. காலாண்டுத் தேர்வு மதிப்பெண்ணைப் பார்த்தால் தெரியும்.

பெண் பிள்ளைக்கு எதற்குச் சண்டைக் கதை என்றவருக்கு: சண்டை பெண் பிள்ளைகள் இல்லாத ஊரிலா நடக்கிறது? புள்ளலூரில் அன்றைக்குப் பெண்கள் இருந்தார்கள், காஞ்சிபுரத்திலும் இருந்தார்கள். உலகப் போரில் 1944 ஜூன் 6ஆம் தேதி நேச நாட்டுப் படைகள் பிரான்சின் நார்மண்டிக் கடற்கரையில் இறங்கியதைப் பற்றியும் எத்தனையோ ஒலிநூல்கள் உண்டு என்று அண்ணன் சொன்னார். அங்கேயும் அந்தக் கடற்கரை ஊர்களில் வீடுகள் இருந்திருக்கும், மாடு கறக்க எழுந்தவர்கள் இருந்திருப்பார்கள். அடுத்து அதைக் கேட்கப் போகிறேன். கேட்கும்போது ஆயாவின் கேள்வியை அவர்களுக்காகவும் கேட்டுப் பார்க்க வேண்டும்.

செல்போனைப் பற்றிய பெற்றோரின் அச்சத்தை நான் ஒதுக்கிவிடவில்லை. அது நியாயமானது. ஒலிநூல் கேட்பதாகச் சொல்லிவிட்டு வேறு எதையோ பார்ப்பவர்களும் எங்களுள் உண்டு. (யார் என்று கேட்காதீர்கள்.) அதற்கு ஒரு வழி சொல்லுகிறேன். நம் பள்ளியில் தையல் வகுப்பு நாற்பது நிமிடம். கை வேலை செய்யும், வாய் வம்பளக்கும், காது சும்மா இருக்கும். அந்த வேளையில் ஆசிரியையின் மேசைமேல் ஒரு ஒலிபெருக்கியை வைத்து நல்ல நூல் ஒன்றை எல்லாரும் சேர்ந்து கேட்கலாம். கடைசிப் பத்து நிமிடம் நிறுத்திவிட்டுக் கேள்விகள் கேட்கலாம். ஒலிபெருக்கி இல்லாவிட்டால் எங்களில் ஒருத்தியே உரக்க வாசிக்கலாம்.

இதை நூலகத்தைப் பார்த்துக்கொள்ளும் சகோதரியிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. தாம் பயிற்சி மடத்தில் இருந்த காலத்தில் சாப்பாட்டு வேளையில் ஒருவர் நூல் வாசிக்க, மற்றவர்கள் பேசாமல் கேட்டுக்கொண்டே சாப்பிடுவார்களாம். “பசி நேரத்தில் கேட்ட புத்தகங்கள்தான் எனக்கு இன்றைக்கும் ஞாபகம் இருக்கின்றன” என்று சொல்லிச் சிரித்தார். தலைமையாசிரியை அவர்களிடம் பேசிப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

ஒலிநூலில் இன்னும் நான்கு மணி நேரம் மீதி இருக்கிறது. அரையாண்டுத் தேர்வு முடியட்டும் என்று அம்மா செல்போனை வாங்கி வைத்துவிட்டார். அப்பா தினமும் ராத்திரி, “அந்த பெயர்டு ஜெயில்லேர்ந்து வந்தானே, அப்புறம் என்ன பண்ணான்?” என்று கேட்கிறார். தேர்வு முடிந்ததும் சொல்கிறேன் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.